கணவனைக் கெட்டவனாக்கினால் சிரிப்பு வந்துவிடுமா?

கேள்வி இதுதான். நண்பர்கள் சிலர் சேர்ந்து, பெரிய தயாரிப்பு நிறுவனம் எதுவும் இல்லாமல், சின்ன பட்ஜெட்டில் ஒரு காதல் நகைச்சுவைப் படம் எடுக்கப் போகிறார்கள். நாயகிக்குத் திருமணமாகிப் பல வருடம். தினமும் ஒரே ரயிலில் வரும் ஒருவரோடு பேச்சு ஆரம்பித்து, அது உறவாக மாறுகிறது. திரைக்கதையைப் படித்தவர்கள் எல்லாரும் “புருஷன் பாவமா இருக்கு, சிரிப்பே வரல” என்கிறார்கள். கணவன் பாத்திரத்தைக் கொஞ்சம் மோசமானவனாக மாற்றிவிட்டால் சரியாகிவிடுமா? திருமணம் கடந்த உறவைக் காதல் நகைச்சுவையாக எடுத்து ஒப்பேற்றிய படங்கள் ஏதாவது உண்டா?

இரண்டாவது கேள்விக்குப் பதில் சுலபம்: உண்டு, நிறையவே. முதல் கேள்விக்கு என் பதில்: மாற்றாதீர்கள். உங்கள் நண்பர்கள் நோயைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். நீங்கள் யோசிக்கிற மருந்துதான் தப்பு. கணவன் பாவமாகத் தெரிவதால் சிரிப்பு வராமல் போகவில்லை. அவர் பாவமாக மட்டுமே தெரிவதால்தான் வரவில்லை. படம் முழுக்க அவருக்குச் செய்ய வேலை எதுவும் இல்லை; ஏமாறுவது ஒன்றுதான் வேலை. திரைக்கதைகளைப் படித்துக் கருத்துச் சொல்வது என் பிழைப்பில் ஒரு பகுதி. இந்த ஒன்லைன் அடிக்கடி வரும். வருகிற பிரதிகளில் முக்கால்வாசி சறுக்குவது காதலர்களிடம் இல்லை, வீட்டில் இருக்கிற அந்த ஆளிடம்தான்.

ஏன் அப்படி என்று பார்ப்போம். சாதாரணக் காதல் நகைச்சுவையில் இருவரும் சேரப்போகிறார்கள் என்பது பத்தாவது நிமிடத்திலேயே தெரிந்துவிடும். மிச்சமிருக்கும் நேரத்தை ஓட்டுவது நடுவில் இருக்கும் தடை. அந்தஸ்து, குடும்பம், ஈகோ, ஒரு தப்பான புரிதல், ஏதோ ஒன்று. அந்தத் தடை ஒழிந்தால் தேவலை என்று பார்வையாளர் நிம்மதியாக ஆசைப்படலாம், யாருக்கும் நஷ்டமில்லை. உங்கள் கதையில் தடை என்பது ரத்தமும் சதையுமான ஒரு மனிதர். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே “இன்னைக்கும் ரயில் லேட்டா?” என்று கேட்பவர். அங்கே இருக்க அவருக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. அவர் ஒழிய வேண்டும் என்று ஆசைப்படச் சொன்னால் பார்வையாளர் நெளிவார். நெளிகிறவர் சிரிக்க மாட்டார்.

இந்தச் சிக்கலைத் தாண்ட சினிமாக்காரர்கள் காலம்காலமாக இரண்டு குறுக்கு வழிகளைப் பிடித்தார்கள். ஒன்று, கணவனையோ மனைவியையோ ஊருக்கு அனுப்பிவிடுவது. இன்னொன்று, நீங்கள் யோசிப்பது: அவரை அரக்கனாக்குவது.

முதல் வழிக்கு ‘தி செவன் இயர் இட்ச்’ நல்ல உதாரணம். 1952-ல் நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில் வந்த நாடகம், 1955-ல் பில்லி வைல்டர் படமாக்கினார். மனைவியும் மகனும் கோடை விடுமுறைக்குக் கிளம்பிப் போகிறார்கள். மாடியில் குடிவந்திருக்கும் பெண்ணைப் பார்த்துக் கணவன் தடுமாறுகிறான். நாடகத்தில் உறவு நடந்தே விடுகிறது. படத்தில் எல்லாம் அவன் கற்பனையோடு நின்றுவிடுகிறது. காரணம் அன்றைய ஹாலிவுட்டின் தயாரிப்பு விதிமுறை. 1930-ல் எழுதி 1934-லிருந்து கண்டிப்பாக அமல்படுத்திய அந்த விதிகள், திருமணம் கடந்த உறவை நியாயப்படுத்தவோ கவர்ச்சியாகக் காட்டவோ கூடாது என்றன. 1968-ல் வயதுக்கேற்பப் படங்களைப் பிரிக்கும் தரச்சான்று முறை வரும்வரை அவை பெயரளவிலாவது இருந்தன. தப்பே செய்யாதவன் தப்பு செய்துவிட்டதாகப் பதறுகிறான் என்பதில் கொஞ்ச நேரம் சிரிப்பு இருக்கிறது. ஆனால் வைல்டருக்கே அந்தப் படத்தில் திருப்தி இல்லை.

அதே வைல்டர் ஐந்து வருடம் கழித்து வேறொரு கோணத்தைக் கண்டுபிடித்தார். அது எனக்கு இன்றைக்கும் பிரமிப்பு. டேவிட் லீனின் ‘பிரீஃப் என்கவுண்டர்’ 1945-ல் வந்தது. அதுவும் ரயில் நிலையத்தில் சந்திக்கும் இரண்டு திருமணமானவர்களின் கதைதான், ஆனால் கண்ணீர்க் கதை. (உங்கள் ரயிலை யாராவது அதோடு ஒப்பிடாமல் விடமாட்டார்கள். தயாராக இருங்கள்.) அதில் அந்த இருவரும் தனிமைக்காக ஒரு நண்பரின் வீட்டுக்குப் போகிறார்கள். படத்தைப் பார்த்த வைல்டருக்குக் காதலர்கள் மேல் கவனம் போகவில்லை. வீட்டைக் கொடுத்த அந்த நண்பன் ராத்திரி திரும்பி வந்து, அவர்கள் விட்டுப்போன படுக்கையில் படுக்க வேண்டுமே, அவன் கதை என்ன என்று யோசித்தார். அங்கிருந்து பிறந்ததுதான் 1960-ன் ‘தி அபார்ட்மென்ட்’. சிறந்த படம் உட்பட ஐந்து ஆஸ்கர் வாங்கியது.

அதில் ஒரு காட்சியை நீங்கள் திரைக்கதைப் பாடமாகவே பார்க்கலாம். பாக்ஸ்டர் ஒரு சின்ன குமாஸ்தா. மேலதிகாரிகள் நாலு பேர் தங்கள் காதலிகளோடு வர அவன் வீட்டுச் சாவியை முறை வைத்து வாங்கிக்கொள்கிறார்கள். ஒருநாள் ராத்திரி வெளியே நின்று குளிரில் அவனுக்குச் சளி பிடித்துவிடுகிறது. மறுநாள் மூக்கைச் சிந்திக்கொண்டே டைரியைத் திறந்து வைத்து ஒவ்வொருவருக்காக போன் போடுகிறான்: உங்கள் புதன்கிழமையை வெள்ளிக்கு மாற்ற முடியுமா, வெள்ளிக்காரர் வியாழனுக்குப் போவாரா என்று. ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்க நேரம் மாற்றுகிற தோரணை. அந்தப் பேச்சில் ஆசை இல்லை, ரகசியம் இல்லை. வெறும் கால அட்டவணை. வயிறு வலிக்கச் சிரிக்கலாம். திருமணம் கடந்த உறவில் சிரிப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. அது காதலில் இல்லை, காதலை மறைக்கச் செய்யும் ஏற்பாடுகளில் இருக்கிறது. சாவி, நேரம், காரணம், கணக்கு. பெரிய உணர்ச்சி ஒன்றுக்காக மனிதர்கள் எவ்வளவு அற்பமான குமாஸ்தா வேலை பார்க்க வேண்டியிருக்கிறது!

அப்புறம் அதே படம் சட்டென்று சிரிப்பை நிறுத்தவும் செய்கிறது. உடைந்த ஒரு முகப்பவுடர் கண்ணாடி, அவ்வளவுதான். பாக்ஸ்டரின் வீட்டில் யாரோ விட்டுப்போனது. அதை அதிகாரியிடம் அவனே திருப்பிக் கொடுத்திருக்கிறான். பிறகொரு நாள் தான் விரும்பும் பெண்ணின் கையில் அதே விரிசலைப் பார்க்கிறான். ஒரு வரி விளக்கம் இல்லை. அதுவரை நாம் சிரித்த ஏற்பாடுகளுக்கெல்லாம் யார் விலை கொடுத்தார்கள் என்பது அந்த விரிசலில் தெரிந்துவிடுகிறது.

சரி, உங்கள் யோசனைக்கு வருவோம். கணவனை அரக்கனாக்கினால்? இதைச் செய்து நன்றாக ஓடிய படமும் இருக்கிறது: ‘வெயிட்ரஸ்’. ஏட்ரியன் ஷெல்லி எழுதி இயக்கியது. உண்மையான சுயாதீனப் படம், பட்ஜெட் 20 லட்சம் டாலருக்குள். 2007 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள்; ஃபாக்ஸ் சர்ச்லைட் வாங்கி வெளியிட்டது, அமெரிக்காவில் மட்டும் கிட்டத்தட்ட பத்து மடங்கு வசூல். பின்னால் 2016-ல் பிராட்வே இசை நாடகமாகவும் ஆனது. இதையெல்லாம் பார்க்க ஷெல்லி இல்லை. 2006 நவம்பரில் அவர் கொல்லப்பட்டார்.

கதை இதுதான். ஜென்னா ஒரு சின்ன உணவகத்தில் பரிமாறுபவள், ‘பை’ (pie) என்கிற, மாவுக்குள் பழமோ கிரீமோ வைத்துச் சுடும் பண்டம் செய்வதில் கெட்டிக்காரி. கணவன் ஏர்ல் அவள் சம்பாதிப்பதைப் பிடுங்கிக்கொள்பவன், கை நீட்டுபவன். வேண்டாமலே கர்ப்பமாகிறாள். பரிசோதனைக்குப் போன இடத்தில் ஊருக்குப் புதிதாக வந்த டாக்டரோடு உறவு ஆரம்பிக்கிறது. அவரும் திருமணமானவர். மனதில் ஓடுவதை எல்லாம் ஜென்னா புதுப்புதுப் பைகளுக்குப் பெயராக வைக்கிறாள். ‘நான் என் புருஷனை வெறுக்கிறேன் பை’ என்று ஒன்று, ‘எனக்கு உறவு இருப்பது தெரிந்து ஏர்ல் என்னைக் கொல்கிறான் பை’ என்று இன்னொன்று. யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றை ஊருக்கே பரிமாறுகிறாள். இந்த ஒரு யுக்தி படத்தைத் தூக்கி நிறுத்துகிறது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது உங்கள் யோசனைக்குச் சாட்சி. கணவன் கெட்டவன், அதனால் அவளுக்கு அனுமதி, அதனால் நமக்குச் சிரிப்பு. ஆனால் ஷெல்லி செய்திருப்பதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முதலாவது, ஏர்ல் வெறும் வில்லன் இல்லை. குழந்தை பிறந்தால் தன்னைவிட அதை அதிகமாக நேசிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொல்கிறான். அந்த இடத்தில் அவன் பயமுறுத்துகிறவனாகவும் பிடிவாதக் குழந்தையாகவும் ஒரே நேரத்தில் தெரிகிறான். சிரிக்கவும் முடிகிறது, தண்டுவடம் சில்லிடவும் செய்கிறது. இரண்டாவது, இதுதான் முக்கியம். ஜென்னாவின் பக்கம் துரோகக் கணக்கை ஏர்ல் நேர் செய்துவிடுகிறான். டாக்டரின் பக்கம் யார் நேர் செய்வது? அவருக்கு வீட்டில் ஒரு மனைவி இருக்கிறாளே? படம் அதை மறப்பதில்லை. குழந்தை பிறக்கும் நேரத்தில் ஜென்னா அந்த மனைவியை நேருக்கு நேர் பார்க்கிறாள். நல்ல பெண், கணவனை முழுசாக நம்புகிறவள். குழந்தையைக் கையில் வாங்கிய ஜென்னா கணவனை வெளியே போகச் சொல்கிறாள். கொஞ்ச நேரத்தில் காதலனையும் விட்டுவிடுகிறாள். காதல் நகைச்சுவை என்று டிக்கெட் வாங்கி வந்தவர்களுக்குக் கடைசியில் ஜோடியே கிடையாது. ஒருவரும் கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லை.

ஆகவே அரக்கக் கணவன் என்பது ஷெல்லிக்குத் தீர்வாக இருக்கவில்லை. கதையின் பாதிக்குத்தான் பயன்பட்டான். மீதிப் பாதிக்கு அவருக்கு ஒரு நல்ல மனைவி தேவைப்பட்டாள். உங்கள் கதையில் கணவன் அடிப்பவன் இல்லை, குடிப்பவன் இல்லை. அவசரத்துக்கு அவனை அப்படி ஆக்கினால் முதல் அரை மணி நேரத்தில் நாயகிக்கு எல்லா நியாயமும் கிடைத்துவிடும். அப்புறம் அவள் எதற்குத் தயங்க வேண்டும்? தயக்கம் போனால் பொய் போகும், பொய் போனால் நகைச்சுவை போகும். ஒரு விடுதலைக் கதை மிஞ்சும். அது நல்ல கதைதான், ஆனால் வேறு கதை.

உங்களுக்கு நெருக்கமான படம் என்று நான் சொல்வது ‘தி லவ்வர்ஸ்’, 2017. அசேசல் ஜேகப்ஸ் இயக்கியது; டெப்ரா விங்கரும் டிரேசி லெட்ஸும் நடித்தது. இந்தியில் 2024-ல் ‘தோ ஔர் தோ பியார்’ என்று வித்யா பாலன் நடித்து வந்ததும் இதே கதைதான். கல்யாணமாகிப் பல வருடமான ஒரு தம்பதி. இருவருக்குமே வெளியே ஆள் இருக்கிறது. இருவருமே தங்கள் காதலரிடம் “மகன் ஊருக்கு வந்து போகட்டும், அப்புறம் வீட்டில் சொல்லிவிடுகிறேன்” என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதே இல்லை. ஒருநாள் காலையில் தூக்கக் கலக்கத்தில், முகத்துக்கு முகம் நேராக விழித்து, என்ன ஏது என்று தெரியாமல் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். அவ்வளவுதான், கணவனும் மனைவியும் ஒருவர் மேல் ஒருவர் பைத்தியமாகிவிடுகிறார்கள். இப்போது அலுவலகத்தில் வேலை அதிகம் என்று காதலரிடம் பொய் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடி வர வேண்டியிருக்கிறது. துரோகம் செய்யப்படுவது காதலர்களுக்கு!

வேடிக்கையான திருப்பம் என்பதோடு விட்டுவிட்டால் இந்தப் படத்தின் சாமர்த்தியம் புரியாது. யார் யாருக்குத் தடை என்பதை அது தலைகீழாக்கிவிடுகிறது. ஏமாறுகிறவர் என்று ஒரு நிரந்தர வேஷம் யாருக்கும் இல்லை. நாலு பேரும் முறைவைத்து ஏமாற்றுகிறார்கள், முறைவைத்து ஏமாறுகிறார்கள். அதனால் நாம் யார்மேலும் பரிதாபப்பட்டு உறைந்துபோவதில்லை. கூடவே மகன் என்று ஒருவனைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அவன் கோபத்தில் ஒரு துளி நகைச்சுவை கிடையாது. அந்தக் கோபம் இல்லாவிட்டால் படம் காற்றில் பறந்திருக்கும்.

இசையையும் கவனியுங்கள். மேண்டி ஹாஃப்மனின் இசை பழைய காதல் காவியங்களுக்குப் போடுவது போல முழு ஆர்கெஸ்ட்ராவோடு பொங்கும். திரையில் நடப்பது என்னவோ, நடுத்தர வயதுக்காரர் ஒருவர் அலுவலகத் தடுப்புக்குள் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பது. இந்தப் பொருத்தமின்மை படம் முழுக்க ஒரு சிரிப்பை அடியில் ஓடவிடுகிறது, வசனம் ஒன்றும் செலவாகாமல். சின்னப் படம் எடுப்பவர்கள் கிட்டார் ஒன்றை மெல்ல மீட்டிவிட்டுப் போவார்கள். அதை மறந்துவிட்டு இப்படி யோசித்துப் பாருங்கள்.

கணவனைத் திரையில் காட்டாமலே அவருக்கு முழு மரியாதை கொடுக்க முடியுமா? முடியும் என்கிறது ‘சேம் டைம், நெக்ஸ்ட் இயர்’. பெர்னார்ட் ஸ்லேட் எழுதி 1975-ல் பிராட்வேயில் வந்த நாடகம், 1978-ல் படமானது. வேறு வேறு இடத்தில் குடும்பத்தோடு இருக்கும் ஒரு ஆணும் பெண்ணும் வருடத்தில் ஒரே ஒரு வார இறுதியில் ஒரு விடுதியில் சந்திக்கிறார்கள். 1951-ல் ஆரம்பித்து கிட்டத்தட்ட இருபத்தைந்து வருடம் இது தொடர்கிறது. கணவனும் மனைவியும் மேடைக்கே வருவதில்லை. ஆனால் இவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு: ஒவ்வொரு முறையும் தன் துணையைப் பற்றி ஒரு நல்ல கதை, ஒரு மோசமான கதை சொல்ல வேண்டும். கேட்கக் கேட்க அந்தப் பார்க்காத இருவர்மேல் நமக்கே பிரியம் வந்துவிடுகிறது. துரோகம் செய்கிற அறையிலேயே துரோகம் செய்யப்பட்டவர்களுக்கு இவ்வளவு அன்பாக இடம் போட்டுக் கொடுத்த கதையை நான் வேறு பார்த்ததில்லை. உங்கள் ரயில்காரர் ஒருநாள் நாயகியிடம் “உன் வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர்?” என்று கேட்கட்டும். அவள் திட்ட ஆரம்பித்து, பாதியில் சிரித்துவிடட்டும். அந்தச் சிரிப்பைப் பார்த்து ரயில்காரருக்குப் பொறாமை வரட்டும்.

எரிக் ரோமரின் 1972 படம் ‘லவ் இன் தி ஆஃப்டர்நூன்’ இன்னும் அடக்கமானது. நகைச்சுவை என்றே சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தன் ‘ஆறு நீதிக் கதைகள்’ வரிசையில் கடைசியாக, தானும் நண்பர்களும் நடத்திய சின்ன நிறுவனத்தின் வழியாக எடுத்தார். பிரெடரிக் மனைவியை நேசிப்பவன், ஆனால் மதிய நேரங்களில் ஒரு பழைய தோழியோடு சுற்றுகிறான். கடைசியில் அவள் காத்திருக்க, கழுத்து மூடிய ஸ்வெட்டரைத் தலைவழியாகக் கழற்றும்போது கண்ணாடியில் தன்னைப் பார்க்கிறான். ஸ்வெட்டர் தலையில் மாட்டியபடி அசட்டுத்தனமான ஒரு உருவம். இதே மாதிரி தலையில் மாட்டிக்கொண்டு குழந்தைக்கு வேடிக்கை காட்டியது ஞாபகம் வருகிறது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மாடிப்படியில் ஓடியே விடுகிறான். பெரிய தர்ம விசாரணையை ஒரு ஸ்வெட்டர் முடித்து வைத்துவிடுகிறது. அதற்கப்புறம் அவன் வீட்டுக்கு வேளைகெட்ட வேளையில் வந்து நிற்கும்போது மனைவி அழுகிற அழுகை இருக்கிறதே, அவளுக்கும் சொல்லாத கதை ஒன்று இருந்திருக்குமோ என்று நம்மை யோசிக்க வைக்கிறது. ஒரே காட்சியில் அந்த மனைவி கதையின் மையத்துக்கு வந்துவிடுகிறாள். இந்தக் கதையை கிறிஸ் ராக் 2007-ல் அமெரிக்க நகைச்சுவையாகத் திரும்ப எடுத்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், வித்தியாசம் தானாகவே தெரியும்.

இன்னும் இரண்டு படங்களைப் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். ரெபெக்கா மில்லரின் ‘மேகிஸ் பிளான்’ (2015): திருமணமானவனைக் காதலித்துக் கல்யாணமும் செய்துகொண்டவள், கொஞ்ச நாளில் அலுத்துப்போய், அவனை முதல் மனைவியிடமே திருப்பிக் கொடுக்கத் திட்டம் போடுகிறாள், அதுவும் அந்த முதல் மனைவியோடு கூட்டுச் சேர்ந்து. தமிழில் பாலு மகேந்திராவின் ‘சதி லீலாவதி’ (1995). அது சுயாதீனப் படம் இல்லை, கமல்ஹாசனும் கோவை சரளாவும் அடிக்கும் லூட்டி தனி. ஆனால் காதலியின் பெயரோ கணவனின் பெயரோ இல்லாமல் மனைவியின் பெயரையே தலைப்பாக வைத்ததில் இயக்குநர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது தெரிந்துவிடுகிறது.

இந்த மாதிரிக் கதைகளைச் சின்னப் படங்கள் அதிகம் தொடுவது ஏன்? ஒரு காரணம் வெறும் காசு. ரகசிய உறவுக்கு இரண்டு நடிகர்கள், ஒரு அறை, ஒரு வண்டி, ஒரு போன் போதும். கூட்டம் இல்லாத இடமாகத்தான் அவர்களே தேடுவார்கள்; துணை நடிகர் செலவு மிச்சம். இன்னொரு காரணம் கிளைமாக்ஸ். பெரிய நிறுவனம் வெளியீட்டுக்கு முன்னால் சோதனைக் காட்சி போடும். கூட்டம் முகம் சுளித்தால் முடிவை மாற்றச் சொல்லும். 1987-ன் ‘ஃபேட்டல் அட்ராக்‌ஷன்’ நகைச்சுவை இல்லைதான், ஆனால் இதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. முதலில் எடுத்த முடிவில் காதலி தற்கொலை செய்துகொள்கிறாள், பழி கணவன்மேல் விழுகிறது. சோதனைக் காட்சியில் எடுபடவில்லை. திரும்பப் படம்பிடித்து, மனைவி கையால் காதலி சாவதாக மாற்றினார்கள். கூட்டம் கைதட்டியது. யாருக்காவது தண்டனை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால்தான் வியாபாரம் என்ற எண்ணம் அப்படித்தான் இறுகுகிறது. உங்கள் தலைமேல் அப்படி யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அந்தச் சுதந்திரத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு, யாரும் கேட்காமலே கணவனைக் கெட்டவனாக்கித் தண்டனை கொடுப்பானேன்?

சுதந்திரத்துக்கு விலை உண்டு என்பதும் தெரிந்திருக்கட்டும். இப்படிப்பட்ட படத்துக்கு போஸ்டர் வைப்பது கஷ்டம். காதல் படம் என்று வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள், தீவிரமான படம் என்று வந்தவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று கேட்பார்கள். விழாக்களில் இடம் கிடைப்பதுதான் உங்களுக்கு முதல் விளம்பரம். ‘வெயிட்ரஸ்’ அப்படித்தான் கரை ஏறியது. திருமணம் கடந்த உறவு என்றதும் படுக்கையறைக் காட்சிகளில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். நான் சொன்ன படங்களில் எதிலும் மனதில் நிற்பது அந்தக் காட்சிகள் இல்லை.

இனி உங்கள் பிரதிக்கு. கணவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். அலுவலக வேலையைச் சொல்லவில்லை, கதைக்குள் வேலை. அவருக்கும் ஏதாவது ஒரு ரகசியம் இருக்கட்டும். இன்னொரு பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. வேலை போனதை மறைத்துத் தினமும் டிப்டாப்பாகக் கிளம்பிப் போகிறவராக இருக்கலாம். வீட்டுக்குத் தெரியாமல் நாடகக் குழுவில் சேர்ந்திருக்கலாம். அப்போது ஒரே கூரையின் கீழ் இரண்டு பொய்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று உதவி செய்துகொள்ளும்: அவள் லேட்டாக வருவது அவருக்கும் வசதி, அவர் கேள்வி கேட்காதது அவளுக்கும் வசதி. அவர் காட்டும் பெருந்தன்மையைப் பார்த்து அவள் குற்ற உணர்ச்சியில் குமைவாள். உண்மையில் அவர் தன் வண்டவாளம் தண்டவாளம் ஏறாமல் இருந்தால் போதும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார். நமக்கு மட்டும் இரண்டும் தெரியும். அந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை என்றால் என்னைக் கேளுங்கள்.

பொய்களைப் பெரிதாக்காதீர்கள். “ரயில் லேட்” என்பதே போதும். முதல் தடவை அது உண்மையாகவே லேட்டாக இருக்கட்டும். பிறகு பொய். பிறகு கணவர் அக்கறையாக ரயில் நேரம் காட்டும் செயலியைத் தன் போனில் இறக்கிக்கொள்ளட்டும், மனைவிக்கு உதவியாக இருக்குமே என்று. சந்தேகத்தால் இல்லை, பாசத்தால். இனி அவள் ஒவ்வொரு பொய்க்கும் உண்மையான ரயில்களைக் கணக்குப் பார்க்க வேண்டும். எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று காதலனும் அவளும் சேர்ந்து உட்கார்ந்து பட்டியல் போடுகிற காட்சி, உங்கள் படத்தின் பாக்ஸ்டர் டைரிக் காட்சியாக இருக்கும்.

நடிகர் தேர்வில் ஒன்று. காதலனுக்குக் கவர்ச்சியானவரையும் கணவனுக்கு மங்கலானவரையும் போடுவது எல்லாரும் செய்வது. உங்கள் குழுவில் இருப்பவர்களிலேயே டைமிங் நன்றாக வருகிற, மக்களுக்குப் பார்த்ததும் பிடிக்கிற ஆளைக் கணவனுக்குப் போடுங்கள். காதலன் சும்மா நல்லவராக இருந்தால் போதும்.

முடிவைப் பற்றி இப்போதே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அவள் திரும்பிப் போகிறாளா, விட்டுப் போகிறாளா, இரண்டு பேரையும் விடுகிறாளா என்பதை ஒரு காட்சி தீர்மானிக்கும். அந்தக் காட்சி உங்கள் பிரதியில் இல்லை என்று கேள்வியிலிருந்தே ஊகிக்கிறேன். கணவனும் ரயில்காரரும் தற்செயலாகச் சந்தித்துப் பேசும் காட்சி. நாயகி அங்கே இருக்கக் கூடாது. ரயில்காரருக்கு இவர் யார் என்று தெரியும், இவருக்கு அவர் யார் என்று தெரியாது. பிளாட்பாரத்து பெஞ்சில் பத்து நிமிடம், வண்டி வரும்வரை. அவர்கள் இருவருக்கும் ஒருவரை ஒருவர் பிடித்துப்போக வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. முதலில் அதை எழுதுங்கள். மற்ற திருத்தங்கள் எல்லாம் அதற்குப் பிறகு.